ஏழு கறிக்குப் பிறகு வயிறு கெட்டால் ஆயாபனா மட்டும் போதுமா?

13 பிப்ரவரி 2025, காலை (கேள்வி: மொரீசியசின் வாக்குவா நகரிலிருந்து ஒரு வாசகி)

செவ்வாய்க்கிழமை காவடி முடிந்து, பத்து நாள் விரதத்தின் பின் வீட்டார் நால்வரும் பிற்பகலில் ஏழு கறியை, அதாவது வாழையிலையில் பரிமாறும் ஏழு காய்கறி விருந்தை, வயிறார உண்டோம். புதன் விடியற்காலையிலிருந்து எனக்கும் என் கணவருக்கும் வயிற்றுப்போக்கும் முறுக்கு வலியும் இருக்கின்றன. வாந்தியோ காய்ச்சலோ இல்லை. மாமியாருக்கு வயிற்று உப்பிசம் மட்டும். ஏழு வயது மகனுக்கு ஒன்றும் இல்லை. மாமியார் கொல்லையிலுள்ள ஆயாபனா என்னும் மூலிகையின் இலையைக் கொதிநீரில் போட்டு எல்லோருக்கும் கொடுக்கிறார். வேறு எதுவும் தேவையில்லை என்றும், மருந்துக்கடைப் பக்கம் போகவே கூடாது என்றும் சொல்கிறார். அது ஒன்றே போதுமா?

13 பிப்ரவரி, பிற்பகல்

ஆயாபனாவின் மீது எனக்குக் குறையில்லை. ஒரே இலையில் உண்டாலும் ஒரே நோய் வருவதில்லை என்பதால், நால்வருக்கும் ஒரே கஷாயம் என்பதில்தான் உடன்பாடில்லை. உங்கள் மாமியாருக்கு இருப்பது வாயு. உங்களுக்கும் கணவருக்கும் இருப்பது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்ற நிலை. முன்னதற்கு எந்தச் சூடான கஷாயமும் இதம் தரும். பின்னதற்கு, போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவதே முதல் வேலை, இலை எல்லாம் அதன் பிறகு.

கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் பெரியவர் 200 முதல் 400 மில்லிலிட்டர் வரை மெல்ல மெல்ல அருந்த வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இதைவிடச் சிறந்தது, ஏனெனில் அதில் பொட்டாசியமும் அளவோடு சேர்க்கப்பட்டிருக்கும். அதற்காகவேனும் மாமியாரின் தடையை ஒரு முறை மீறலாம்.

நான் மருத்துவன் அல்லன். கோயில் மடப்பள்ளியில் நெடுங்காலமாகப் பெரிய அண்டாக்களைக் கிளறி வருபவன். காவடிக்கு மறுநாள் பலருடைய வயிறுகளைப் பற்றிய புகார்களையும் அதே அளவு காலமாகக் கேட்டு வருபவன்.

13 பிப்ரவரி, இரவு

தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கரண்டி. சூப் குடிக்கும் கரண்டியால் உப்பை அள்ளிப் போட வேண்டாம். உப்பு கூடினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது தீங்கு. கரைத்த நீரை நாவில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்று செவிலியர் சொல்லித் தருவார்கள். அந்தச் சோதனை போதும்.

14 பிப்ரவரி, காலை

ஆயாபனா பற்றித் தனியே எழுத வேண்டும் என்று இரவு முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது, ஏனெனில் இந்தத் தீவில் தமிழர், கிரியோலர், போஜ்புரி பேசுவோர் ஆகிய அனைவரும் வயிறு கெட்டால் முதலில் கை நீட்டுவது அந்தச் செடியை நோக்கித்தான். அது நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டு வந்த மூலிகை என்று என் ஆயா உறுதியாக நம்பினார். உண்மையில் அதன் தாயகம் தென் அமெரிக்கா. கூலி ஒப்பந்தத்தில் வந்த நம்மவர்கள் இங்கே வந்தபின் அதைத் தம் வீட்டுக் கொல்லையில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். தலைநகர் போர் லூயியின் மத்தியச் சந்தையிலுள்ள தீசான் (மூலிகைக் கஷாய) கடைகளில் வயிற்றுக்கு என்று கேட்டால் உலர்ந்த இலைக் கட்டுகளில் இதையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள்.

எங்கள் வீட்டு முறை எளியது. ஒரு கோப்பைக் கொதிநீருக்கு நான்கைந்து பச்சை இலைகள். அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்துப் பத்து நிமிடம் பொறுத்து வடித்து, சர்க்கரை இல்லாமல் அல்லது மிகக் குறைவாகச் சேர்த்துப் பருகுவோம். வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும் என்பதால் இலையை நெடுநேரம் கொதிக்க விடுவதில்லை. முறுக்கு வலி அடங்குவதை நானே உணர்ந்திருக்கிறேன். ஆனால் அது இலையின் வேலை எவ்வளவு, சூட்டின் வேலை எவ்வளவு, அந்த நேரத்தில் வேறெதையும் தின்னாமல் இருந்ததன் வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சாதாரண வயிற்றுக்கோளாறு பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்குவது. அந்த நேரத்தில் கையில் எந்தக் கோப்பை இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஆயாபனாவில் கூமரின் வகைப் பொருள்கள் உள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போரும் கருவுற்றிருப்போரும் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் அருந்த வேண்டாம்.

14 பிப்ரவரி, மாலை

வாக்குவா வாசகி எழுதியிருக்கிறார்: மகன் சோறு, அப்பளம், பாயசம் தவிர வேறு எதையும் தொடவில்லையாம். பிள்ளைகள் காய்கறியை ஒதுக்குவதற்கு இதைவிட வலுவான வாதம் இனி அவனுக்குத் தேவைப்படாது.

அவர் தந்த நேரக் கணக்கு எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. பிற்பகல் உணவு, விடியலில் வயிற்றுப்போக்கு, முறுக்கு வலி, வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இப்படித் தொடங்குவது கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்னும் கிருமியின் போக்கோடு ஒத்துப்போகிறது. அது உண்டபின் 6 முதல் 24 மணி நேரத்தில் வேலையைக் காட்டி, பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கிவிடும். பரிசோதனை இல்லாமல் அதுதான் என்று தீர்ப்பளிக்க முடியாது. என்றாலும் பெரும் பந்திச் சமையல் செய்பவர்கள் யாவரும் அதை அறிந்திருக்க வேண்டும். அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய அண்டாவில் பருப்போ கறியோ வெந்து இறங்கிய பின், மேற்புறம் ஆறினாலும் நடுவே பல மணி நேரம் இளஞ்சூடாகவே இருக்கும். அந்த இளஞ்சூட்டில் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. விறகடுப்பிலிருந்து இறக்கி நிழலில் வைத்துவிட்டு, காவடிகள் மலையேறி இறங்கும் வரை காத்திருக்கும் வழக்கம் எத்தனை கோயில்களில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மடப்பள்ளியில் இப்போது, பரிமாறும் வரை பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி தணலை விட்டு வைக்கிறோம். எஞ்சுவதை உடனே அகலமான தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். முதலில் மூத்தவர்கள் சிரித்தார்கள். வெப்பமானியைப் பருப்புக்குள் விடுவது தெய்வ குற்றம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

சோற்றுக்கு வேறு கதை. ஆறிய சோற்றில் பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழியாது. அதனால் வரும் வாந்தி அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். உண்டவுடன் வாந்தியா, மறுநாள் வயிற்றுப்போக்கா என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், எந்தப் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

16 பிப்ரவரி

மாமியாரின் உப்பிசத்தைக் கவனியாமல் விட்டோம். பத்து நாள் மிதமாக உண்ட வயிற்றில் க்ரோ புவா என்னும் பெரிய அவரைக்கொட்டை, பருப்பு, பிஞ்சுப் பலா, வாழைக்காய், பூசணி எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கினால் வாயு சேராமல் என்ன செய்யும்? அவரையினத்திலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. க்ரோ புவாவை இரவு முழுதும் ஊற வைத்து, ஊறிய நீரையும் முதல் கொதி நீரையும் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேக வைப்பது பழைய பழக்கம். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடுவதால் அது அறிவார்ந்த பழக்கமும் ஆகும். தாளிப்பில் பெருங்காயம் சேர்ப்பதையும் நான் விட்டுவிட மாட்டேன்.

வாயு சேர்ந்த பின் ஓமம் உதவும். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறுஞ்சட்டியில் மணம் வரும் வரை வறுத்து, இரண்டு கோப்பை நீரில் கொதிக்கவிட்டு ஒன்றாகச் சுண்டியதும் வடித்துச் சூடாகக் குடிக்கலாம். ஓம எண்ணெயின் முக்கியப் பொருள் தைமால். குடல் தசையின் இறுக்கம் தளர்வதற்கு அது காரணம் என்பர். சீரகத்தையும் இவ்வாறே செய்யலாம், காரம் குறைவு.

புதினாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதிலுள்ள மெந்தால் குடல் தசையைத் தளர்த்துவது போலவே உணவுக்குழாயின் கீழ்வாயையும் தளர்த்திவிடும். உப்பிசத்துக்கு நல்லது, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு எரிச்சலைக் கூட்டும். என் மாமனார் நெஞ்செரிச்சலுக்குப் புதினாத் தேநீரையும், அது தந்த எரிச்சலுக்கு இன்னொரு புதினாத் தேநீரையும் குடித்து வந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

18 பிப்ரவரி

இளநீர் பற்றியும் கோலா பற்றியும் கேட்டிருக்கிறார்கள். சாலையோரம் வெட்டித் தரும் இளநீர் நல்ல பானம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வயிற்றுப்போக்கில் இழப்பது பெருமளவில் சோடியம். ஆகவே இளநீர் உப்புச் சர்க்கரை நீருக்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்திற்குப் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டே இளநீர் குடிக்க வேண்டும்.

குமிழி அடக்கிய கோலாவில் உப்புப் போட்டுக் கொடுப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். 100 மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் பானம் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே நுழையும் வழி ஒன்று உண்டு. அவை நுழைந்தால் நீரும் பின்னே போகும். கொஞ்சம் சர்க்கரை அந்த வழியைத் திறக்கிறது, அளவு மீறிய சர்க்கரை காரியத்தைக் கெடுக்கிறது.

இது எளிய விஷயம் போலத் தெரிந்தாலும், 1971 இல் வங்காளதேச விடுதலைப் போரின் அகதி முகாம்களில் காலரா பரவியபோதுதான் இதன் வலிமை உலகுக்குத் தெரிந்தது. பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகாலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடியைப் பொட்டலமாகக் கட்டி, உறவினர்களே கரைத்துக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. இப்போதைய பொட்டலத்தின் அளவு உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்தியது: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட்டு.

18 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை இருக்கிறதே என்று இந்த நீரைத் தவிர்த்துவிடுகிறார்கள். நீரிழிவு மிகுந்த மொரீசியசில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நீர் வற்றுவதே அவர்களுக்குப் பெரிய ஆபத்து. சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொண்டு குடிக்கலாம். மெட்ஃபார்மின் உண்போர், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக இருக்கும் நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுவிட வேண்டும். மெட்ஃபார்மினே புதிதாகத் தொடங்கும்போது வயிற்றைக் கலக்கும் மருந்து என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது ஓமத்தின் மீது பழி போட்டுப் பயனில்லை.

19 பிப்ரவரி

வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று ஒருவர் வாதிடுகிறார். நானும் முன்பு அப்படியே இருந்தேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. வாந்தி நிற்கும் வரை பத்து நிமிடம் பொறுத்து ஒவ்வொரு கரண்டியாக நீர் கொடுப்பது சரி. பசி எடுத்த பிறகும் பட்டினி போட்டால் குடலின் உட்சுவர் புதுப்பித்துக்கொள்ளச் சத்தே இருக்காது. குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு, கனிந்த வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு என்று மெதுவாகத் தொடங்கலாம்.

நமது ரசத்தையும் இதில் சேர்க்க ஆசைதான். மிளகையும் காய்ந்த மிளகாயையும் குறைத்து, சீரகமும் பூண்டும் கூட்டி, புளியைக் கரைத்த நீராகவே விட்டால் இரண்டாம் நாள் கஞ்சியோடு இறங்கும். முதல் நாளே மசவரு என்னும் மிளகாய் விழுதைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தவரை நான் அறிவேன், அவரது பெயர் வேண்டாம்.

பால் விட்ட வனிலாத் தேநீர் இந்நாட்டின் அன்றாடப் பானம் என்றாலும் சில நாளுக்கு அதை ஒதுக்குங்கள். வயிற்றுப்போக்கில் குடல் உட்சுவரின் மேலடுக்கு சிதைவதால் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்துவிடும். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி ஏற்கெனவே புளித்துப் போயிருப்பதால் மோர் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

23 பிப்ரவரி

கைக்குழந்தைகளைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இங்கே பாட்டி வைத்தியத்தோடு எனக்கு நட்புக் குறைவு. வசம்பைச் சுட்டு உரசிக் கொடுப்பது நம் வழக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்னும் பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை உள்ளது. எந்தச் செடியிலிருந்து வந்த எந்தத் துண்டில் அது எவ்வளவு என்று உரசுகிறவருக்குத் தெரியாது. ஜாதிக்காயும் அளவு மீறினால் நஞ்சு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் கூடாது. அதில் போட்டுலிசம் உண்டாக்கும் வித்துகள் இருக்கக்கூடும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறைக்கும் 50 முதல் 100 மில்லிலிட்டர் உப்புச் சர்க்கரை நீரும், மருத்துவர் தரும் துத்தநாகமும் போதும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள் வரை. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீரும் இல்லாமல் குழந்தை துவண்டு கிடந்தால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள், வண்டியைக் கிளப்புங்கள்.

2 மார்ச்

கரான்ஸ் புயல் நம்மைச் சற்று விட்டுவைத்து பிப்ரவரி 28 ஆம் தேதி அண்டைத் தீவான ரியூனியனின் வடபகுதியைத் தாக்கியது. அங்குள்ள உறவினர்களைப் பற்றிய கவலையோடு இதை எழுதுகிறேன். புயலுக்குப் பின் வயிறு கெடுவது உணவாலும் நீராலும்தான். மின்சாரம் போனால், திறக்காமல் வைத்த குளிர்பெட்டி நான்கு மணி நேரம் தாங்கும்; நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மணமும் நிறமும் பார்த்து முடிவு செய்யாமல் கொட்டிவிடுவதே நன்று. பீப்பாயில் பிடித்து வைத்த நீரைக் குமிழியிட ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுப் பருகுங்கள். ஆயாபனாக் கோப்பைக்கும் அதே நீர்தான் தேவை என்பதால், கஷாயம் போடுகிறவர்கள் தம்மை அறியாமலே இதைச் செய்துவிடுகிறார்கள். கோப்பையின் பலனில் எது எதன் வேலை என்று நான் பிப்ரவரி 14 ஆம் தேதி எழுதிய கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

9 மார்ச்

இஞ்சியைப் பற்றி எழுதவில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். குமட்டலுக்கு இஞ்சி நல்லது. இங்கே சொன்ன பொருள்களில் ஆராய்ச்சிச் சான்று மிகுதியாக உள்ளவற்றுள் அதுவும் ஒன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சுக்குத்தூள் அளவில்தான் பெரும்பாலும் பரிசோதித்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்த அது உதவாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கு மறுபடியும் அதே எச்சரிக்கை.

அவரே அதன் தொடர்ச்சியாக, ஐம்பது வயதைக் கடந்த தம் அண்ணனுக்கு மேல்வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் இருக்கின்றன, வாயு என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுத்தோம், குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வி பதில் இழையில் விடைக்குக் காத்திராதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 114 ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு மார்வலியே இல்லாமல், செரியாமை போல வரக்கூடும்.

9 மார்ச், இரவு

ஆம்புலன்ஸ் வந்து அழைத்துச் சென்றுவிட்டதாகவும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மலத்தில் இரத்தம், உயர்ந்த காய்ச்சல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, இரண்டு நாளில் குறையாத வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி, இவற்றுள் ஒன்று இருந்தாலும் கொல்லைச் செடிகளை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பரமைடு மாத்திரையையும் தாமாக விழுங்கக் கூடாது; பிள்ளைகளுக்கு எப்போதுமே கொடுக்கக் கூடாது.

11 மார்ச்

வாக்குவா வாசகியின் கடைசிக் கேள்வி: கரைத்து வைத்த உப்புச் சர்க்கரை நீரை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? ஒரு நாள்தான். மூடி வைத்து, 24 மணி நேரம் கழித்து எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். மாமியார் இப்போது அதில் இரண்டு ஆயாபனா இலையும் போடுகிறாராம். போடட்டும்; அளவுக் கரண்டி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.